நீண்டகால நோயுள்ள குழந்தை: பெற்றோரின் அன்றாட எரிச்சல்களைக் குறைப்பது எப்படி?

நீண்டகால நோயுள்ள குழந்தையை வளர்ப்பவர்களிடம் உங்களை மிகவும் களைக்கவைப்பது எது என்று கேட்டுப் பாருங்கள். பலர் நோயின் பெயரைச் சொல்வதில்லை. வாயை இறுக மூடிக்கொண்டு மருந்தை மறுக்கும் காலை நேரத்தையும், யாருமே எடுக்காத தொலைபேசியையும், ஒவ்வொரு புதிய மருத்துவரிடமும் பிரசவ நாளிலிருந்து கதையைத் திரும்பச் சொல்ல வேண்டியிருப்பதையும், "இன்னுமா சரியாகவில்லை?" என்று கேட்கும் உறவினரையும்தான் சொல்வார்கள். நோயைக் கவனிக்க மருத்துவர் இருக்கிறார். இந்தச் சில்லறைத் தொல்லைகளைக் கவனிக்க எவரும் இல்லை. ஆனால் இவற்றில் கணிசமான பகுதி பொறுமையால் தாங்கிக்கொள்ள வேண்டியதன்று. சரியான ஏற்பாடு இருந்தால் தானே குறையக்கூடியது. பொறுமை அளவோடுதான் கிடைக்கிறது. அதை, வேறு வழியே இல்லாத இடங்களுக்கென்று மிச்சப்படுத்தி வைக்க வேண்டும்.

முதலில் எரிச்சல் எங்கே பிறக்கிறது என்று பாருங்கள்

ஒரு வாரத்துக்கு, கோபமோ அழுகையோ வந்த நேரத்தையும் அப்போது செய்துகொண்டிருந்த வேலையையும் மட்டும் செல்பேசியில் ஒரு வரியாகக் குறித்து வையுங்கள். காரணத்தை ஆராய வேண்டாம். வாரக் கடைசியில் அதைப் படித்தால், நாள் முழுவதும் போராட்டம் என்று தோன்றிய வாழ்க்கையில் சிக்கல் உண்மையில் இரண்டு மூன்று இடங்களிலேயே திரும்பத் திரும்ப விழுவது தெரியும்: பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில் கொடுக்கும் மருந்து, மாலையில் செய்யவைக்க வேண்டிய பயிற்சி, தீர்ந்துபோன மருந்துக்காக அலையும் நாள். எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் சீர்செய்யக் கிளம்புகிறவர்கள் பாதியிலேயே சோர்ந்துவிடுவார்கள். அடிக்கடி வரும் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, அது ஓரளவு அடங்கிய பிறகு அடுத்ததற்குப் போவதே நடைமுறைக்கு ஒத்துவரும்.

மருந்து வேளைகள்

சண்டைகளில் பெரும்பங்கு மருந்தைச் சுற்றியே நடக்கிறது என்பதால் இதை விரிவாகப் பார்க்க வேண்டும்.

வேளைகளின் எண்ணிக்கையைக் குறைக்க முடியுமா என்று மருத்துவரிடம் நேராகவே கேளுங்கள். வெவ்வேறு நிபுணர்கள் வெவ்வேறு காலத்தில் எழுதிய மருந்துகள் சேர்ந்து சேர்ந்து, ஒரே நாளில் ஏழெட்டு முறை மருந்து கொடுக்கும் நிலை வந்திருக்கலாம். அவற்றையெல்லாம் ஒன்றாக வைத்துப் பார்த்தவர் ஒருவரும் இல்லாமலும் இருந்திருக்கலாம். எவற்றை ஒரே நேரத்தில் கொடுக்கலாம், எதை வெறும் வயிற்றில்தான் கொடுக்க வேண்டும், "மூன்று வேளை" என்றால் சரியாக எட்டு மணி நேர இடைவெளியா அல்லது காலை, மதியம், இரவு என்று கொடுத்தால் போதுமா, அதற்காகத் தூங்கும் குழந்தையை எழுப்பத்தான் வேண்டுமா என்ற கேள்விகளுக்கு மருத்துவரோ மருந்தாளுநரோ சில நிமிடங்களில் பதில் சொல்லிவிடுவார். ஒரு குடும்பத்துக்கு இரவுத் தூக்கம் திரும்பக் கிடைப்பது அந்தப் பதிலில் இருக்கக்கூடும்.

திரவ மருந்தை வீட்டுக் கரண்டியால் அளக்காதீர்கள். கரண்டிக்குக் கரண்டி கொள்ளளவு மாறும். ஊசியில்லாத, மில்லிலிட்டர் கோடு போட்ட சிரிஞ்சே நம்பகமானது. அதிலும் ஒரு கண்ணி உண்டு: மருத்துவர் மனத்தில் கணக்கிடுவது மில்லிகிராம், நீங்கள் ஊற்றுவது மில்லிலிட்டர். குழந்தைகளுக்கான பாராசிட்டமால் திரவம் 5 மில்லிலிட்டரில் 120 மில்லிகிராம் உள்ளதாகவும் கிடைக்கிறது, 250 மில்லிகிராம் உள்ளதாகவும் கிடைக்கிறது. பாட்டில் மாறியதைக் கவனிக்காமல் பழைய அளவையே ஊற்றினால் மருந்து இரண்டு மடங்குக்கு மேல் போய்விடும். ஆகவே புதிய பாட்டில் வாங்கும்போதெல்லாம் பெயரை மட்டுமன்றிச் செறிவையும் படியுங்கள். குழந்தைகளுக்கான பல மருந்துகள் எடையைக் கொண்டு அளவிடப்படுபவை என்பதால், ஆறு மாதத்தில் எடை நன்றாகக் கூடியிருந்தால் பழைய அளவு போதாமல் போவதும் உண்டு. "இவனுடைய எடை இப்போது இவ்வளவு, அளவு இதே இருக்கலாமா?" என்று ஒவ்வொரு சந்திப்பிலும் கேட்பது மிகையன்று.

கொடுக்கும் முறைக்கு வருவோம். சிரிஞ்சின் நுனியை நாக்கின் நடுவில் வைத்தால் குழந்தை நாக்காலேயே மருந்தை வெளியே தள்ளிவிடும்; தொண்டையை நோக்கிப் பீய்ச்சினால் புரையேறும். குழந்தையை மடியில் நிமிர்த்தி உட்காரவைத்து, நுனியை வாயின் ஓரமாக, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவிலுள்ள பள்ளத்தில் செருகி, அரை மில்லிலிட்டர் அளவுக்கு மெதுவாக அழுத்தி, தொண்டை அசைந்து விழுங்கியதைக் கண்ணால் பார்த்த பிறகே அடுத்த அரை மில்லிலிட்டரை விட வேண்டும். இப்படிக் கொடுத்தால் நேரம் சற்றுக் கூடுதலாகும். துப்பிய மருந்தைத் துடைத்து, எவ்வளவு உள்ளே போயிற்று என்று தெரியாமல் விழிக்கும் நேரத்தோடு ஒப்பிட்டால் அது குறைவுதான். மூக்கைப் பிடித்து வாயைத் திறக்கவைக்கும் வழக்கத்தை அடியோடு விட்டுவிடுங்கள். அதில் புரையேறும் ஆபத்து இருக்கிறது. அடுத்த வேளைக்கான சண்டையும் அப்போதே தொடங்கிவிடுகிறது.

சற்று வளர்ந்த குழந்தையிடம் "மருந்து குடிக்கிறாயா?" என்று கேட்பது வீண், வேண்டாம் என்ற பதிலை ஏற்க நாம் தயாராக இல்லாதபோது அந்தக் கேள்விக்கே இடமில்லை. "நீயே சிரிஞ்சை அழுத்துகிறாயா, நான் அழுத்தட்டுமா?", "முதலில் மாத்திரையா, திரவமா?" என்று உண்மையாகவே தேர்வு உள்ள இடங்களில் கேளுங்கள். மருந்து கட்டாயம் என்பது மாறாது, ஆனால் அதற்குள் குழந்தைக்கு ஒரு சிறு அதிகாரம் கிடைக்கிறது. நாள்தோறும் தன் உடம்பின் மேல் பிறர் முடிவெடுப்பதைப் பார்க்கும் குழந்தைக்கு அது சிறிய விஷயமன்று.

கசப்பை மறைக்க உணவில் கலப்பதானால் ஒரு வாய் அளவில் கலக்க வேண்டும். பால் பாட்டில் முழுவதிலும் கலந்துவிட்டுக் குழந்தை பாதியில் நிறுத்திவிட்டால், எவ்வளவு மருந்து போயிற்று என்று எவராலும் சொல்ல முடியாது. மாத்திரையைப் பொடிப்பதற்கு முன்பும், கேப்சூலைப் பிரிப்பதற்கு முன்பும் மருந்தாளுநரைக் கேளுங்கள். மெதுவாக மருந்தை வெளிவிடும் வகை மாத்திரைகளைப் பொடித்தால் நாள் முழுவதற்குமான மருந்து ஒரேயடியாக உடம்பில் சேர்ந்துவிடும்.

இரவு பத்து மணிக்குக் குழந்தை மருந்தை வாந்தியெடுத்த பிறகு யாரைக் கேட்பது என்று தவிப்பதை முன்கூட்டியே தவிர்க்கலாம். ஒவ்வொரு மருந்துக்கும் இரண்டு கேள்விகளுக்கு விடை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்: கொடுத்த எத்தனை நிமிடத்துக்குள் வாந்தியெடுத்தால் மீண்டும் கொடுக்க வேண்டும்? ஒரு வேளை தவறிவிட்டால், எவ்வளவு நேரம் கழித்து நினைவு வந்தாலும் கொடுக்கலாம்? விடை மருந்துக்கு மருந்து மாறும். தவறிய வேளைக்கு ஈடாக அடுத்த வேளையில் இரட்டிப்பாகக் கொடுப்பது மட்டும் மருத்துவர் சொல்லாமல் ஒருபோதும் கூடாது. இந்த விடைகளை மருந்துப் பெட்டியின் மூடியின் உட்புறத்தில் ஒட்டிவிட்டால், அன்று வீட்டில் இருப்பது தாத்தாவாக இருந்தாலும் குழப்பமில்லை.

"நீ கொடுத்துவிட்டாயா?" என்ற கேள்வி பல வீடுகளில் தினசரிச் சண்டையின் தொடக்கம். அது வெறும் சண்டை மட்டுமன்று. இருவரும் தனித்தனியே கொடுத்துவிட்டால் மருந்து இரட்டிப்பாகிறது. மருந்துப் பெட்டிக்கு அருகில் ஒரு தாள், நாள் வாரியாகக் கட்டங்கள், அருகிலேயே கட்டிவைத்த பேனா. குழந்தை விழுங்கிய பிறகுதான் குறியிட வேண்டும், சிரிஞ்சில் எடுத்தவுடனே கூடாது என்பதை இருவரும் ஒப்புக்கொள்ளுங்கள். செல்பேசிச் செயலிகளைவிடத் தாள் மேலானது என்பது என் எண்ணம், ஏனென்றால் செல்பேசி ஒருவருடன் வெளியே போய்விடும், தாள் போகாது.

கையிருப்பு ஒரு வாரத்துக்குக் குறையும்போதே அடுத்த முறைக்கான மருந்தைச் சொல்லிவிடுங்கள். எளிதில் கிடைக்காத மருந்தென்றால் இன்னும் முன்னதாக. பாட்டிலைத் திறந்த தேதியை அதன் மேலேயே எழுதுங்கள். இன்சுலினில் பல வகைகளைத் திறந்த பிறகு 28 நாள்தான் பயன்படுத்தலாம். திறக்காதவற்றை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வரையிலான குளிரில், உறையவிடாமல் வைக்க வேண்டும். தண்ணீர் கலந்து தயாரிக்கும் ஆன்டிபயாடிக் திரவங்களின் ஆயுள் இன்னும் குறைவு.

இன்ஹேலர் பயன்படுத்தும் வீடுகளுக்கு ஒரு வார்த்தை. முகமூடிக்குள் அழுதுகொண்டிருக்கும் குழந்தையின் நுரையீரலுக்குப் போய்ச் சேரும் மருந்து குறைவு. ஆகவே அழுகையைப் பொருட்படுத்தாமல் அழுத்தி முடித்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். குழந்தை அமைதியாக இருக்கும் நேரத்தை, சிலருக்கு அது ஆழ்ந்து தூங்கும் நேரமாகக்கூட இருக்கலாம், மருத்துவரிடம் கேட்டுத் தேர்ந்தெடுங்கள். இன்ஹேலருக்கும் முகமூடிக்கும் இடையில் பொருத்தும் குழலான பிளாஸ்டிக் ஸ்பேசரைச் சோப்புத் திரவம் கலந்த நீரில் கழுவித் துணியால் துடைக்காமல் காற்றில் உலரவிட வேண்டும். துடைத்தால் உண்டாகும் நிலைமின்சாரத்தால் மருந்து அதன் உட்சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். ஸ்டீராய்டு இன்ஹேலருக்குப் பிறகு வாய் கொப்பளிப்பது வாய்ப்பூஞ்சையைத் தடுக்கும்.

ஒரு பக்கத் தாள்

ஒவ்வொரு மருத்துவமனையிலும் கதையை முதலிலிருந்து சொல்வதன் களைப்புக்கு மருந்து ஒரே ஒரு தாள். குழந்தையின் பெயர், பிறந்த தேதி, எடை, எடை பார்த்த தேதி, நோயின் பெயர், இப்போது கொடுக்கும் மருந்துகள் மில்லிகிராமில், வேளையோடு, ஒவ்வாமை, நடந்த அறுவைச் சிகிச்சைகள் ஆண்டோடு, உடம்பில் குழாயோ கருவியோ இருந்தால் அதன் வகையும் அளவும், கவனிக்கும் மருத்துவர்களின் எண்கள். இவ்வளவோடு நிறுத்துங்கள். இரண்டாம் பக்கம் போனால் அவசரப் பிரிவில் அதைப் படிக்க யாருக்கும் நேரமிருக்காது. மேல் மூலையில் திருத்திய தேதி கட்டாயம் இருக்க வேண்டும்; தேதியில்லாத பட்டியலை எந்த மருத்துவரும் நம்பமாட்டார்.

அந்தத் தாளின் பின்புறத்தில், "எப்போது உடனே கிளம்ப வேண்டும்" என்பதை உங்கள் மருத்துவரைக் கொண்டே எழுதி வாங்குங்கள். வலிப்பு நோயுள்ள குழந்தையென்றால், பக்கவாட்டில் திருப்பிப் படுக்கவைத்து, வாயில் எதையும் திணிக்காமல், கடிகாரத்தைப் பார்த்து, ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் அவசர உதவியை அழைக்க வேண்டும் என்பது பொதுவான வழிமுறை. உங்கள் குழந்தைக்கு அது இன்னும் முன்னதாகவும் இருக்கலாம். புற்றுநோய்ச் சிகிச்சை பெறும் குழந்தைக்கு வரும் காய்ச்சல், மற்றக் குழந்தைகளுக்கு வருவது போன்றதன்று. காலை வரை பார்க்கலாம் என்று இருக்கக் கூடாத காய்ச்சல் அது. எந்த வெப்பநிலையில் கிளம்ப வேண்டும் என்ற எண் அந்தத் தாளில் இருந்தால், நள்ளிரவில் கணவனும் மனைவியும் போகலாமா வேண்டாமா என்று விவாதிக்கும் நிலை வராது.

மருத்துவமனையும் தொலைபேசியும்

காத்திருப்பை ஒழிக்க முடியாது, குறைக்கலாம். நாளின் முதல் சந்திப்பைக் கேட்டு வாங்குங்கள். அதற்கு முந்தைய நோயாளிகளால் தாமதம் ஏற்பட வழியில்லை. இரத்தம் எடுக்க ஒரு நாள், ஸ்கேனுக்கு ஒரு நாள், மருத்துவரைப் பார்க்க ஒரு நாள் என்று சொல்லப்பட்டால் அதை அப்படியே ஏற்காமல், ஒரே நாளில் முடிக்க இயலுமா, இரண்டு நிபுணர்கள் கேட்கும் பரிசோதனைகளை ஒரே ஊசியில் எடுக்க முடியுமா என்று கேளுங்கள். கேட்காத குடும்பத்துக்கு இதை யாரும் முன்வந்து செய்து தருவது அபூர்வம்.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவற்றுள் முக்கியமான மூன்றை மட்டும் எழுதிக்கொண்டு போய், அமர்ந்தவுடன் "எனக்கு மூன்று கேள்விகள் இருக்கின்றன" என்று சொல்லிவிடுங்கள். எழுந்து கதவருகில் நின்றுகொண்டு கேட்கும் கேள்விக்கு நல்ல பதில் கிடைப்பதில்லை. சந்திப்பு முடியும்போது, புரிந்துகொண்டதை உங்கள் சொற்களிலேயே திரும்பச் சொல்லுங்கள்: "அப்படியானால் இன்றிரவிலிருந்து இதை நிறுத்திவிட்டு, நாளைக் காலையிலிருந்து அதைத் தொடங்க வேண்டும், சரிதானே டாக்டர்?" பிழை இருந்தால் அந்த இடத்திலேயே வெளிப்பட்டுவிடும்.

"நிறைய வலிக்கிறதாம்" என்று சொல்வதைவிட அளவோடு சொல்வது காதில் விழும். மூன்று வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு, டோனா வாங், கோனி பேக்கர் ஆகிய இருவரும் உருவாக்கிய முகப்பட அளவுகோல் உலகெங்கும் பயன்படுகிறது. சிரிக்கும் முகத்திலிருந்து அழும் முகம் வரை உள்ள ஆறு படங்களில் எது தன் வலி என்று குழந்தையே தொட்டுக் காட்டும். பேச இயலாத குழந்தைக்கு, முகம், கால்கள், அசைவு, அழுகை, தேற்றினால் அடங்குகிறதா என்ற ஐந்தையும் தலா 0 முதல் 2 வரை மதிப்பிட்டுப் பத்துக்கு எவ்வளவு என்று கூட்டும் முறை இருக்கிறது. அதை வார்டு செவிலியரிடம் ஒருமுறை கேட்டுக் கற்றுக்கொண்டால், "நேற்று இரவு பத்துக்கு ஏழு, மருந்துக்குப் பிறகு மூன்று" என்று சொல்ல உங்களால் முடியும். அம்மா சும்மா பதறுகிறாள் என்ற பார்வைக்கு அதன் பிறகு இடமிருக்காது.

காப்பீட்டு அலுவலகத்துக்கோ மருத்துவமனை அலுவலகத்துக்கோ பேசும்போது ஒரு தனி நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். தேதி, நேரம், பேசியவர் பெயர், புகார் எண் அல்லது குறிப்பு எண், சொன்ன பதில் ஆகியவற்றை அதில் எழுதுங்கள். "பார்த்துச் சொல்கிறோம்" என்ற பதிலோடு அழைப்பை முடிக்கவே கூடாது. "நல்லது. இதை யார் பார்ப்பார்கள்? எந்தத் தேதிக்குள் பதில் வரும்? அதற்குள் வரவில்லையென்றால் நான் யாரை அழைக்க வேண்டும்?" என்று கேட்டு, மூன்றுக்கும் விடை வந்த பிறகு வையுங்கள். பேசியதைச் சுருக்கி அன்றே ஒரு மின்னஞ்சலாக அனுப்பிவிட்டால் அடுத்த முறை "அப்படி யாரும் சொல்லியிருக்க மாட்டார்களே" என்பது எழாது. ஒரு கோரிக்கை மறுக்கப்பட்டால் அதுவே முடிவு என்று கொள்ளாமல், மறுப்பின் காரணத்தை எழுத்தில் கேளுங்கள்; மேல்முறையீட்டுக்குத் தேவைப்படுவது அந்தக் காரணம்தான். கோபம் நியாயமாகவே இருக்கும். ஆனாலும் எதிர்முனையில் பேசுபவர் விதியை எழுதியவரல்லர், உங்கள் ஃபைலை அடுக்கின் மேலே எடுத்து வைக்கக்கூடியவர்.

ஊசி

"வலிக்குமா அம்மா?" என்று குழந்தை கேட்டால் "வலிக்காது" என்று சொல்லாதீர்கள். அந்தப் பொய் ஒரே ஒரு முறைதான் செல்லும். பல ஆண்டுகள் ஊசியோடு வாழப்போகிற குழந்தையிடம் நம்பிக்கையை அவ்வளவு மலிவாகச் செலவழிக்க முடியாது. "கொஞ்ச நேரம் சுருக்கென்று இருக்கும். நீ ஊதி முடிப்பதற்குள் முடிந்துவிடும். நான் இங்கேயேதான் இருப்பேன்" என்பது உண்மையும் ஆறுதலும் ஒருங்கே உள்ள பதில்.

தடுப்பூசி வலியைக் குறைப்பது குறித்து உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட பரிந்துரைகள், சிறு குழந்தைகளைப் பெற்றோர் தாங்கிப் பிடித்திருக்க வேண்டும் என்றும், கைக்குழந்தைகளுக்கு அந்த நேரத்தில் தாய்ப்பால் கொடுக்கலாம் என்றும் கூறுகின்றன. மேசையில் கிடத்தி நால்வர் அழுத்திப் பிடிப்பதைவிட, மடியில் நெஞ்சோடு சாய்த்து உட்காரவைத்து ஒரு கையை மட்டும் அசையாமல் பிடிப்பது குழந்தைக்கும் எளிது, செவிலியருக்கும் எளிது. இப்படிச் செய்யலாமா என்று முன்னதாகவே கேட்டுவிடுங்கள். லிடோகைனும் பிரிலோகைனும் கலந்த மரப்புக் களிம்பை எழுதித் தந்திருந்தால், அது வேலை செய்ய ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். மருத்துவமனை வாசலில் தடவுவதால் பயனில்லை. கிளம்பும்போதே தடவிவிட வேண்டும்.

கண்டிப்பும் விளையாட்டும்

நோயுற்ற குழந்தையைக் கண்டிக்கப் பெற்றோருக்கு மனம் வருவதில்லை. ஆனால் தம்பியை அடித்ததற்கு நோய் காரணமாகாது என்பது அந்தக் குழந்தைக்கே தெரியும். தனக்கு மட்டும் விதிகள் இல்லையென்றால் தன் நிலை அவ்வளவு மோசமோ என்று அது பயப்படவும் கூடும். மருந்தின் விளைவால் வரும் எரிச்சல் வேறு (சில ஸ்டீராய்டு மருந்துகளும் வலிப்பு மருந்துகளும் சுபாவத்தையே மாற்றக்கூடியவை, புதிய மருந்துக்குப் பின் நடத்தை திடீரென மாறினால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்), வழக்கமான குறும்பு வேறு. வலியும் காய்ச்சலும் உள்ள நாளில் விதிகளைத் தளர்த்துங்கள், தளர்த்துவதாகச் சொல்லியே தளர்த்துங்கள். மறுநாள் அவை திரும்பிவரும்.

வீட்டுப் பயிற்சிகள் கூடிக்கொண்டே போய் விளையாட நேரமில்லாமல் ஆகிவிட்டால், எதை விடலாம் என்று சிகிச்சையாளரிடம் கேட்பதில் குற்றவுணர்வு வேண்டாம். ஐக்கிய நாடுகள் பொதுச் சபை 1989-இல் ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கை, ஓய்வையும் விளையாட்டையும் 31-ஆவது பிரிவில் உரிமையாகவே எழுதிவைத்திருக்கிறது. அந்தப் பிரிவில் நோயுள்ள குழந்தைக்கு விலக்கு எதுவும் கிடையாது.

பள்ளி

பள்ளிக்கு முழு மருத்துவ ஃபைலைக் கொடுப்பதைவிட, ஆசிரியர் கண்ணில் படும் அறிகுறிகள் யாவை, அப்போது அவர் செய்ய வேண்டியது என்ன, யாரை அழைக்க வேண்டும் என்று அரைப் பக்கம் எழுதிக் கொடுங்கள். மருந்து பள்ளியில் இருக்க வேண்டுமென்றால் சீட்டு ஒட்டிய மூல உறையிலேயே இருக்கட்டும். காலாவதித் தேதியை உங்கள் நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். விடுப்பு நாள்களில் எல்லாப் பாடங்களையும் எழுதி ஈடுகட்டத் தேவையில்லை. எது இன்றியமையாதது என்று ஆசிரியரிடம் கேட்டு அதை மட்டும் செய்யவையுங்கள். நோயைப் பற்றி வகுப்பில் சொல்வதா வேண்டாமா என்பதைக் குழந்தையிடம் கேட்டு முடிவெடுங்கள்.

அறிவுரை சொல்பவர்கள்

அறிவுரைகளை ஒவ்வொன்றாக மறுத்து விவாதிப்பது வீண் களைப்பு. எல்லாருக்கும் பொருந்தும் ஒரே பதிலைத் தயார் செய்துகொண்டு, மாற்றாமல் சொல்லுங்கள்: "பெரியம்மா, உங்கள் அக்கறை எனக்குத் தெரியும். டாக்டரைக் கேட்காமல் எதையும் மாற்றுவதில்லை என்று நாங்கள் முடிவு செய்திருக்கிறோம்." மீண்டும் கேட்டால் மீண்டும் அதே வாக்கியம். "இத்தனை மருந்தா! கொஞ்ச நாள் நிறுத்தித்தான் பாரேன்" என்ற யோசனைக்கு மட்டும் மென்மை தேவையில்லை. வலிப்பு மருந்தையும், பல நாள் கொடுத்துவந்த ஸ்டீராய்டையும் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம். குழந்தையைத் தனியே பார்த்துக்கொள்ளப்போகும் எவருக்கும் இதை வெளிப்படையாகச் சொல்லிவைக்க வேண்டும்.

அதே உறவினர்களில் பலர் உண்மையாகவே உதவ விரும்புகிறவர்கள். எப்படி என்று தெரியாததால்தான் அறிவுரை சொல்கிறார்கள். "ஏதாவது வேண்டுமென்றால் சொல்" என்பவரிடம் நாளும் நேரமும் குறித்த வேலையைச் சொல்லுங்கள்: "வெள்ளிக்கிழமை மாலை இரண்டு மணி நேரம் சின்னவளைப் பார்த்துக்கொள்ள முடியுமா, சித்தப்பா?" முடியாதென்றால் முடியாது என்று அவரும் தெளிவாகச் சொல்லிவிடுவார்.

அந்தச் சின்னவளைப் பற்றி: நோயில்லாத குழந்தைக்கு நோயின் பெயரும், அது தன்னால் வந்ததன்று என்பதும் தெரிந்திருக்க வேண்டும். வாரத்தில் ஒரு நேரமாவது மருத்துவமனையால் தள்ளிப்போடப்படாத நேரமாக அவளுக்கு இருக்கட்டும்.

பெற்றோர் இருவரும்

இரவில் இருவரும் விழித்து இருவரும் மறுநாள் தள்ளாடுவதைவிட, ஒரு நாள் ஒருவர் என்று முறைவைத்துக்கொண்டு, மற்றவர் வேறு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவது நல்லது. பெரும்பாலும் ஒருவரே, அதிலும் தாயே, எல்லாம் தெரிந்தவராகி, மற்றவர் உதவியாளராக ஆகிவிடுகிறார். அது வசதியாகத் தோன்றும்; ஆனால் தெரிந்தவருக்கு விடுமுறையே கிடைக்காது. ஒவ்வொரு மருந்தையும் கருவியையும் இன்னொருவரும் தனியாகக் கையாளப் பழக வேண்டும். பழகும் காலத்தில் தெரிந்தவர் வீட்டை விட்டு வெளியே போய்விடுவது உத்தமம்; பக்கத்தில் நின்று திருத்திக்கொண்டே இருந்தால் யாரும் கற்றுக்கொள்வதில்லை. தனியாக வளர்ப்பவர் நம்பகமான ஒருவரையாவது இதற்குப் பழக்கிவைப்பது அவசியம்.

பல மாதம் சமாளித்துவந்த பிறகு, ஒத்த வயதுக் குழந்தைகள் மைதானத்தில் ஓடுவதைப் பார்த்துத் திடீரென அழுகை வந்தால், பழைய இடத்துக்கே திரும்பிவிட்டோம் என்று நினைக்க வேண்டாம். அறிவுவளர்ச்சிக் குறைபாடுள்ள குழந்தைகளின் பெற்றோரைப் பற்றி 1962-இல் எழுதிய சைமன் ஓல்ஷான்ஸ்கி, இப்படித் திரும்பத் திரும்ப வரும் துயரத்தை நீடித்த துயரம் என்று அழைத்து, அது மனநோயன்று, அந்தச் சூழலில் எவருக்கும் வரக்கூடிய இயல்பான துயரமே என்று வாதிட்டார். முழுமையாக ஏற்றுக்கொண்டுவிட வேண்டும் என்று பெற்றோரை நெருக்குவது உதவாது. ஆனால் இரண்டு வாரத்துக்கு மேலாக எதிலும் நாட்டமில்லை, வாய்ப்புக் கிடைத்தாலும் தூக்கம் வரவில்லை என்றிருந்தால் மருத்துவரைப் பாருங்கள். உங்களையோ குழந்தையையோ வருத்திவிடுவோமோ என்ற எண்ணம் தலைகாட்டினால், குழந்தையைப் பாதுகாப்பான ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு அன்றே உதவி தேடுங்கள். கோபம் கைமீறப்போகிறது என்று தோன்றும் நிமிடத்தில், குழந்தையைக் கட்டிலில் பத்திரமாக விட்டுவிட்டு அடுத்த அறைக்குப் போய் நிற்பது கைவிடுவதாகாது.

பொறுப்பைக் கைமாற்றுவது

குழந்தை வளர வளர வேலையைச் சிறுகச் சிறுக அதன் கைக்கு மாற்றுங்கள். மழலைப் பருவத்தில் தாளில் குறியிடுவது, பள்ளி செல்லும் வயதில் மருந்தின் பெயரைச் சொல்வது, அதன் பிறகு மாத்திரைகளை வாரப் பெட்டியில் தானே அடுக்கி உங்களிடம் காட்டுவது என்று போகலாம். மருத்துவர் கேள்வி கேட்கும்போது நீங்கள் முந்திக்கொள்ளாமல் குழந்தை பதில் சொல்லும்வரை காத்திருங்கள். விட்டுப்போனதை மட்டும் பிறகு சேருங்கள். பதின்ம வயதில் சந்திப்பின் ஒரு பகுதியை மருத்துவரோடு தனியே நடத்த அனுமதியுங்கள். ஆனால் மேற்பார்வையை ஒரேயடியாக விலக்கிவிட வேண்டாம். அதுவரை ஒழுங்காக மருந்து எடுத்த பிள்ளைகளும் அந்த வயதில் தவறவிடுவது சாதாரணம். திட்டிக் கேட்டால் "எடுத்துக்கொண்டேன்" என்ற பதில்தான் வரும். "இந்த வாரம் எத்தனை வேளை விட்டுப்போயிற்று?" என்று, விட்டுப்போவது இயல்பு என்ற தொனியில் கேளுங்கள், வாரம் ஒருமுறை இருவரும் சேர்ந்து மாத்திரைப் பெட்டியைப் பார்த்து, எந்த வேளை அதிகமாக விட்டுப்போகிறதோ அதன் நேரத்தை மாற்ற முடியுமா என்று அடுத்த சந்திப்பில் அவனையே கேட்கச் சொல்லுங்கள்.